பின்னால் நடப்பவர்



கோயம்புத்தூரிலிருந்து பழனிக்குச் செல்ல இன்று மூன்று மணி நேரம் போதும். பேருந்து உண்டு, புகைவண்டி உண்டு, சொந்தக் கார் வைத்திருப்போரும் பெருகிவிட்டனர். இருந்தும் தை மாதம் பிறந்துவிட்டால், பொள்ளாச்சிச் சாலையிலும் தாராபுரம் சாலையிலும் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாக மக்கள் சாரி சாரியாக நடக்கத் தொடங்கிவிடுகின்றனர். வண்டியில் போகப் பணமில்லாதவர்கள் மட்டுமா நடக்கிறார்கள்? இல்லை. ஆலை முதலாளி நடக்கிறார்; அவருடைய ஆலையில் வேலை செய்பவரும் நடக்கிறார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை மூன்று நான்கு நாள்களில் கால்களாலேயே கடக்கின்றனர். அப்படி நடந்தவர்களுள் நானும் ஒருவன். அந்நடையின் கடைசி நாளைப் பற்றியே இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன். அந்த நாள் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் கூறத்தக்கது.

கொங்கு நாட்டுக்கும் பழனிக்கும் உள்ள உறவு பழமையானது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரி நீர் முகந்து, அதைக் காவடியாகச் சுமந்து பழனிக்கு நடந்து வருவது இந்நாட்டு வழக்கம். தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து பெருங்கூட்டமாக நடந்து வரும் அடியார்கள், மலைமேலேயே பஞ்சாமிர்தம் செய்து படைத்து, இரவு அங்கேயே தங்கும் உரிமை உடையவர்கள். இவ்வழிநடைக்கெல்லாம் முதல்வன் இடும்பன் என்பது புராணம். சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தண்டின் இருபுறமும் தொங்கவிட்டுச் சுமந்து வந்தவன் அவன். இன்றும் மலையேறும் வழியில் இடும்பனை வணங்கிய பின்னரே முருகனை வணங்கச் செல்கிறோம். சுமந்தவனுக்கு முதல் வணக்கம் என்பது நம் முன்னோர் கண்ட முறை.

இத்தகைய நடை நமக்கு மட்டும் உரியதன்று. மராட்டிய நாட்டில் ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளையும், தேகூவிலிருந்து துக்காராமரின் பாதுகைகளையும் பல்லக்கில் தாங்கி, ஆடி ஏகாதசிக்குப் பண்டரிபுரம் நோக்கி இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். அவர்கள் 'திண்டி' எனப்படும் குழுக்களாகப் பிரிந்து நடப்பர். ஒவ்வொரு திண்டிக்கும் வரிசையில் இன்ன இடம் என்று உண்டு. நம் குழுக்களிலும் அவ்வாறே. குருசாமி ஒருவர் இருப்பார். அவர் சொல்லே சட்டம். மாலை அணிந்தபின் ஆணும் பெண்ணும் சிறுவரும் முதியவரும் ஒருவரையொருவர் 'சாமி' என்றே அழைப்பர்.

எங்கள் குழுவில் நாங்கள் இருபத்துமூவர். எங்கள் குருசாமி எழுபது வயதைத் தாண்டிய ஓர் உழவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழனிக்கு நடந்தவர். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. குழுவின் தலைவர் முன்னால் நடப்பார் என்றுதானே நாம் எண்ணுவோம்? அவர் எப்போதும் கடைசியில் நடந்தார். கையில் ஒரு மூங்கில் கோல். கோலின் நுனியில் விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைக் கட்டியிருந்தார். கோலைச் சுற்றி, வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையையும் ஒட்டியிருந்தார். நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஆதலால், எந்த ஊரில் எத்தனை மணிக்கு உணவு, எங்கே ஓய்வு, எப்போது புறப்பாடு என்னும் கால அட்டவணையை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தனர். நான் அதனை நான்கு பத்தி போட்டு, கோடு கிழித்து, அழகாக எழுதி மடியில் வைத்திருந்தேன்.

2025ஆம் ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 11ஆம் நாள் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமையன்று, உடுமலைப்பேட்டையிலிருந்து பழனிக்கு எங்கள் கடைசி நாள் நடை. தொலைவு ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை இரவு உடுமலையில் ஒரு மண்டபத்தில் தங்கினோம். அறுபத்தேழு வயதான ஓர் அம்மையார் எங்கள் குழுவில் இருந்தார். அவருடைய மகள், பள்ளி விட்டதும் தன் மகனை அழைத்து வந்து அங்கே எங்களோடு விட்டுச் சென்றாள். பதினொரு வயதுச் சிறுவன். கடைசி நாளாவது பாட்டியோடு நடக்கவேண்டும் என்பது அவன் விருப்பம். வந்தவுடன் அவன் கண்ணில் பட்டது குருசாமியின் கோல். அது எதற்கு என்று கேட்டான். "கடேசியா நடக்கறவருக்குத்தான் இந்தக் கோலு, கண்ணு. பொறத்தாலே வர்ற வண்டிக்காரனுக்கு, முன்னால ஆளுக போறாங்கன்னு தெரியோணுமில்ல?" என்றார் அவர். நானும் அருகில் அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். மேற்கே நிலவு விழுந்துகொண்டிருந்தது. புறப்படும்போது குருசாமி என்னிடம் வந்தார்.

"வாத்தியாரய்யா, இன்னைக்கு நான் சமையல் வண்டியோட முன்னால மடத்துக்குளம் போகோணுமுங்க. கோலை நீங்க வாங்கிக்குங்க. கடேசி ஆளு நீங்கதானுங்க" என்றார்.

வாங்கிக்கொண்டேன். சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தவாறு வலப்புறம் நடப்பதே நடப்பவருக்குப் பாதுகாப்பு என்று பள்ளியில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் தண்ணீர்ப் பந்தல்களும் அன்னதானப் பந்தல்களும் இடப்புறம் இருந்தமையால், கூட்டம் முழுவதும் இடப்புறமாகவே நடந்தது. எனவே வண்டிகள் எங்கள் முதுகுப்புறமாகவே வந்தன. கடைசியில் செல்பவரின் கையிலுள்ள விளக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

ஒரு மணி நேரம் பின்னால் நடந்தேன். அம்மையார் மிக மெதுவாக நடந்தார். சிறுவன் அவர் கையைப் பிடித்திருந்தான். முன்னால் சென்றவர்களின் 'அரோகரா' ஒலி தேய்ந்துகொண்டே போயிற்று. என் மனம் முழுவதும் கால அட்டவணையில் இருந்தது. ஏழு மணிக்கு மடத்துக்குளம். ஒரு மணிக்குச் சண்முகநதியில் நீராட்டு. மாலை ஐந்தரை மணிக்கு மலைமேல் சாயரட்சை பூசை. அப்போது ஆண்டிக்கோலம் மாறி, அரச கோலத்தில் முருகன் காட்சி தருவான். அதனைக் காணவேண்டும் என்பது என் அவா. இந்த நடை நடந்தால் அது கைகூடாது என்று தோன்றிற்று. "நீங்கள் மெதுவாக வாருங்கள். நான் முன்னால் செல்பவர்களைச் சற்று நிறுத்தி வைக்கிறேன்" என்று அம்மையாரிடம் கூறிவிட்டு, வேகமாக நடந்தேன்.

நிறுத்தி வைக்கச் சென்றவன் நிறுத்தவில்லை. அவர்களோடு சேர்ந்து நடந்துவிட்டேன். கூட்டத்தோடு நடக்கையில் கால்களுக்கு ஒரு வேகம் வந்துவிடுகிறது. பின்னால் இருவர் வருகின்றனர் என்பதை மறந்தேன் என்று சொன்னால் அது பொய். நினைவு இருந்தது. 'வந்துவிடுவார்கள்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மடத்துக்குளத்தை அடைந்தபோது மணி ஏழு. அட்டவணை பிசகவில்லை. கிழக்கே வெயில் ஏறியிருந்தது. குருசாமி இட்லியும் சுக்குக் காபியும் ஆயத்தமாக வைத்திருந்தார். என்னைக் கண்டார், என் கையைக் கண்டார். உரத்துப் பேசவில்லை.

"கோலு இங்க இருக்குதுங்களே. கடேசி ஆளு எங்கீங்க?" என்றார்.

நான் எண்ணிப் பார்த்தேன். இருபத்தொருவர். என் கையில் இருந்த விளக்கு, பகல் வெளிச்சத்தில் இன்னும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. இருளில் இரண்டரை மணி நேரம், ஓர் முதியவளும் ஒரு சிறுவனும் பின்விளக்கு இல்லாமல் நெடுஞ்சாலையில் நடந்திருக்கின்றனர் என்பது அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது. நடைப்பயணிகள் மீது வண்டி மோதிய செய்தியைத் தைமாதந்தோறும் நாளிதழ்களில் படிக்கிறோம். படித்துவிட்டுத் 'தக்க ஏற்பாடு இல்லை' என்று பிறரைக் குறை கூறுகிறோம். அன்று ஏற்பாடு இருந்தது. அதை என் கையில் வைத்துக்கொண்டு நான் முன்னால் போய்விட்டேன்.

இட்லியைத் தொடவில்லை. கோலோடு மேற்கு நோக்கித் திரும்பி நடந்தேன். அன்றுவரை நான் கண்டவையெல்லாம் முதுகுகள். அப்போதுதான் முகங்களைக் கண்டேன். பல்லாயிரம் பேர் எனக்கு எதிராக வந்தனர். காவடி சுமந்தவர்கள், கைக்குழந்தையை இடுப்பில் சுமந்தவர்கள், காலில் துணி சுற்றி நொண்டி வருபவர்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். தேடிய முகம் வரவில்லை. மூன்று கிலோமீட்டர் நடந்திருப்பேன். என் வாழ்நாளில் அத்துணை நீண்ட மூன்று கிலோமீட்டரை நான் நடந்ததில்லை.

மைவாடியைத் தாண்டிய ஒரு தண்ணீர்ப் பந்தலில் அவர்களைக் கண்டேன். அம்மையார் பெஞ்சியில் அமர்ந்திருந்தார். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டதாம். பந்தலில் தொண்டு செய்த இளைஞர் ஒருவர் தரையில் அமர்ந்து, அவர் காலைத் தம் மடிமேல் வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அம்மையார் எழுந்திருக்க முயன்றார்.

"சாமி, எங்களாலே எல்லாரும் காத்துக் கெடக்கறீங்களா? தொந்தரவு பண்ணிப்போட்டமுங்க. நீங்க போங்க, நாங்க மெல்ல வந்தர்றமுங்க" என்றார்.

குற்றம் செய்தவன் நின்றுகொண்டிருக்க, குற்றமற்றவர் மன்னிப்புக் கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. சிறுவனைப் பார்த்தேன். கையில் தன் வெள்ளைத் துண்டை இரு முனையும் பிடித்து வைத்திருந்தான். ஏன் இப்படி என்றேன்.

"அமுச்சிக்குப் பொறத்தாலே வெளக்கு இல்லீங்களே சாமி. அதனாலே நான் பின்னால நடந்துட்டு, வண்டி வர்றப்பல்லாம் துண்டைத் தூக்கிப் புடிச்சனுங்க. வெள்ளைத் துணின்னா தெரியுமில்லீங்களா?" என்றான்.

முந்தின இரவு குருசாமி சொன்னதைக் கேட்டவர் இருவர். ஒருவன் பதினொரு வயதுச் சிறுவன். மற்றவன் ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறருக்குப் பாடம் சொன்னவன். பாடத்தைக் கற்றவன் யார் என்பதை நேயர்களாகிய நீங்களே அறிவீர்கள்.

அந்தப் பந்தலில் அமர்ந்திருக்கையில், இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. 2004ஆம் ஆண்டு ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். பத்தாம் வகுப்பில் அனைவரும் தேர்ச்சி பெறவேண்டும் என்பது எங்கள் குறிக்கோள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன்; விசைத்தறித் தொழிலாளியின் மகன்; கணக்கில் மிகவும் பின்தங்கியவன். ஜூன் மாதம் பள்ளி திறந்தபின் சில நாள் வந்தான், பிறகு வரவில்லை. தொடர்ந்து வராததால், வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை வகுப்பாசிரியர் சிவப்பு மையால் அடித்தார். நான் கையொப்பமிட்டேன். விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. அவன் வீடு பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. என்னிடம் மிதிவண்டி இருந்தது. நான் போகவில்லை. 'வந்துவிடுவான்' என்று முதலில் சொல்லிக்கொண்டேன். பின்பு அதையும் சொல்லவில்லை. அந்த வகுப்பினர் தேர்வு எழுதிய ஆண்டில் எல்லாரும் தேறினர். அறிவிப்புப் பலகையில் 'நூற்றுக்கு நூறு' என்று எழுதி மாலையிட்டோம். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஏனெனில் பின்தங்கியவனை எண்ணிலிருந்தே எடுத்துவிட்டோம்.

வேகமாக நடப்பவர்களைக் கொண்டு குழுவை அளந்தேன் சாலையில். வேகமாகப் படிப்பவர்களைக் கொண்டு பள்ளியை அளந்தேன் அங்கே. இரண்டும் ஒரே பிழை.

அம்மையாருக்கு வலி தணிந்தபின் மூவருமாகப் புறப்பட்டோம். நான் கோலோடு பின்னால் நடந்தேன். மடத்துக்குளத்தில் மற்றவர்கள் காத்திருந்தனர். சமையல் வண்டியில் ஏறிக்கொள்ளுமாறு குருசாமி அம்மையாரிடம் கூறினார். அவர் நடந்தே வருவதாகச் சொன்னார். "அப்படீன்னா எல்லாரும் உங்க நடைதானுங்க" என்றார் குருசாமி. எவரும் மறுக்கவில்லை. என் அட்டவணையை நான் மடியிலிருந்து எடுக்கவே இல்லை. அதைக் கண்ட குருசாமி சிரித்தார். "சாமி எங்கீங்க போயிரும், வாத்தியாரய்யா? மலை அங்கயேதானுங்க இருக்குது" என்றார்.

பின்னால் நடப்பவனுக்குச் சில காட்சிகள் கிடைக்கின்றன. அமராவதியாற்றுப் பாலத்தில் அம்மையார் இளைப்பாற நின்றார், நானும் நின்றேன். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் தெற்கே மலையடிவாரத்தில் கட்டப்பட்ட அணையின் நீர், அவ்வாற்றின் இருகரையிலும் கரும்பாகவும் தென்னையாகவும் நிற்பதைக் கண்டேன். வலப்புறத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நீலச் சுவர்போல் எங்களோடு கூடவே வந்தது. முன்னால் விரைந்திருந்தால் இவற்றுள் எதையும் நான் கண்டிருக்கமாட்டேன்.

வேறொன்றையும் கண்டேன். அஃது அழகிய காட்சியன்று. முன்னால் சென்றவர்கள் உண்டு எறிந்த தட்டுகள், குடித்து எறிந்த குவளைகள், தண்ணீர்ப் புட்டிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை உண்டு. ஆயினும் அவை கிடந்தன. முன்னால் நடப்பவன் மலையைக் காண்கிறான். பின்னால் நடப்பவன் நாம் விட்டுச் சென்றதைக் காண்கிறான். ஒரு பந்தலில் காலிச் சாக்கு ஒன்று கேட்டு வாங்கி, சிறுவனும் நானும் இயன்றவரை பொறுக்கிக்கொண்டே நடந்தோம். சாக்கு நிறைய நெடுநேரம் ஆகவில்லை.

சாமிநாதபுரம் கடந்து ஒரு புளியமர நிழலில் உச்சிவெயிலைக் கழித்தோம். புஷ்பத்தூரைத் தாண்டும்போது பொழுது சாய்ந்தது. சண்முகநதிக் கரையை அடைந்தபோது இருட்டிவிட்டது. ஐந்தரை மணிச் சாயரட்சை எப்போதோ முடிந்திருக்கும். அரச கோலத்தை நான் காணவில்லை. ஆனால் நதிக்கரையில் நின்று நிமிர்ந்தபோது, கிழக்கே மலை முழுவதும் விளக்கொளியில் மிதந்தது. அம்மையார் இரு கைகளையும் தலைமேல் குவித்து நின்றார், ஒன்றும் பேசவில்லை. சிறுவன் நீரில் இறங்கிவிட்டான்.

அன்றிரவு அக்கரையிலேயே தங்கினோம். படுக்குமுன் குருசாமி வழக்கம்போல் எங்களை எண்ணினார். இருபத்துமூவர். எண்ணி முடித்துக் கோலை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். வாங்கவில்லை. "நாளைக்கும் நீங்களே வெச்சுக்குங்க" என்று கூறிவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை, படிகளைத் தவிர்த்து, யானைப்பாதை வழியாக மலை ஏறினோம். கடைசியாக ஏறியவன் நான்.

ஊர் திரும்பிய பின், அந்த விசைத்தறித் தொழிலாளியின் வீடு இருந்த ஊருக்குப் போனேன். அக்குடும்பம் இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்கே சென்றனர் என்பது எவருக்கும் தெரியவில்லை. சாலையில் மூன்று கிலோமீட்டர் திரும்பி நடக்க முடிந்தது. இருபது ஆண்டுகள் திரும்பி நடக்க முடியவில்லை.

நேயர்களே, அடுத்த தைக்கு நடக்க இருப்பவர்களுக்கு ஒன்று கூறுவேன். உங்கள் குழுவில் கடைசியாக நடப்பவர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விளக்கு அவர் கையில் இருக்கட்டும். நிற்கும் இடந்தோறும் தலையை எண்ணுங்கள். மெதுவாக நடப்பவரின் நடையே அன்றைய நடை என்று கொள்ளுங்கள். இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரிய அன்பர்களுக்கும் ஒன்று. ஜூன் மாதத்தில் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து வெற்றிடம் விழுமானால், சிவப்பு மையை எடுக்குமுன் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். பெரும்பாலும் அது நடந்து போகும் தொலைவில்தான் இருக்கும்.